பூக்களின் பின்கட்டில் ஒரு நோட்டம்

தேனீக்குப் புகழ் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குச் சேர்ந்துவிட்டது. சுற்றுச்சூழல் தினப் போஸ்டரா? தேனீ. பள்ளி ஆண்டு விழா நாடகமா? மஞ்சள் கறுப்புச் சட்டையில் ஒரு குட்டித் தேனீ. தேனீ அழிந்தால் மனிதனுக்கு நாலே வருஷம்தான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது, ஆனாலும் வருகிறது. மாலை, மரியாதை, சால்வை எல்லாம் ஒரே ஆளுக்கு. பின்கட்டில் வேலை செய்கிற மற்றவர்களை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆகவே இன்றைக்கு முன்வாசல் வேண்டாம். வாருங்கள், கொல்லைப்புறமாக நுழைவோம். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு கைக்குட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நுழைந்ததுமே ஒரு வம்பு. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேன் பேர்பெற்றது இல்லையா? அந்தத் தேனில் பெரும்பங்கு எந்தப் பூவிலிருந்து வருகிறது தெரியுமா? எந்தப் பூவிலிருந்தும் இல்லை! ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பு முடிகிற இடத்தில் உள்ள சின்னச் சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசியும். தேனீக்கள் அதைத்தான் உறிஞ்சிக்கொண்டு பெட்டிக்குத் திரும்புகின்றன. பூப்பக்கமே போகாமல் தேன்! மகரந்தச் சேர்க்கை என்று ஒரு துரும்பைக்கூட அங்கே நகர்த்தவில்லை. நம்முடைய கதாநாயகரின் கணக்குப் புத்தகத்தில் இப்படியும் சில பக்கங்கள் உண்டு.

சரி, கத்தரிச் செடிக்குப் போவோம். சாம்பாரில் மிதக்கிற அதே கத்தரிக்காய். அதன் ஊதாப் பூவைக் குனிந்து பாருங்கள். நடுவில் அஞ்சாறு மஞ்சள் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூம்பாக நிற்கின்றன. மற்ற பூக்களில் மகரந்தப்பை பிளந்து தூள் வெளியே தெரியும், விரலால் தொட்டாலே ஒட்டும். இங்கே அப்படி இல்லை. பை முழுக்க மூடியிருக்கிறது. நுனியில் மட்டும் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. வாய் குறுகலான பவுடர் டப்பா மாதிரி. குலுக்காமல் ஒரு துளி தூள் வராது. தேனும் கிடையாது, இந்தப் பூ தேனே சுரப்பதில்லை.

தேனீ வந்து பார்க்கும், காலால் சுரண்டிப் பார்க்கும், பெரிதாக ஒன்றும் தேறாமல் போய்விடும். குலுக்குகிற வித்தை அதற்குத் தெரியாது.

அப்போது வருகிறார் கருவண்டு! வீட்டு உத்தரத்தில், காய்ந்த மூங்கிலில் கச்சிதமாக வட்ட ஓட்டை போட்டுக் குடியிருப்பாரே, பக்கத்தில் பறந்தாலே நாம் குனிந்துகொள்வோமே, அவர்தான். ஊர் வண்டு என்று கூப்பிட்டாலும் அவரும் தேனீ குடும்பம்தான். ஆனால் ராணி, சிப்பாய், பெட்டி, போஸ்டர் எதுவும் இல்லாத ஏழைச் சொந்தம். பூவை ஆறு காலாலும் கட்டிக்கொள்கிறார். மகரந்தப்பையை வாயால் கவ்வுகிறார். பிறகு இறக்கையை மடித்து அசைக்காமல் வைத்துக்கொண்டு, பறப்பதற்கான தசைகளை மட்டும் முறுக்கி உடம்பை அதிரவிடுகிறார். ‘ஸ்ஸ்ஸ்ங்’ என்று ஒரு சத்தம். பறக்கும்போது வருகிற ரீங்காரம் வேறு, இது வேறு. சுருதி கூடிய சத்தம். அந்த அதிர்வில் ஓட்டை வழியாக மகரந்தம் புகையாகப் பீச்சி அவர் வயிற்றில் அப்புகிறது. அதில் ஒரு பங்கு அடுத்த பூவின் சூல்முடியில் ஒட்டும். காரியம் முடிந்தது, சாம்பாருக்குக் காய் ரெடி.

நம்பிக்கை வரவில்லையென்றால் இயற்பியல் ஆய்வகத்து இசைக்கவை ஒன்றைத் தட்டி, அதிர்கிற முனையால் பூவைத் தொடுங்கள். மகரந்தம் கொட்டும்! பூவை நம்ப வைக்க வண்டுதான் வேண்டும் என்பதில்லை. சரியான அதிர்வு போதும். நீலப் பட்டை போட்ட இன்னொரு சின்னத் தேனீயும் இந்த வித்தையில் கெட்டிக்காரர். தக்காளி, சுண்டை, கண்டங்கத்தரி, மணத்தக்காளி என்று அந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு இதே பூட்டு. உலகத்தில் சுமார் 20 ஆயிரம் தாவர இனங்கள் இப்படிப் பூட்டிய மகரந்தப்பையோடு நிற்கின்றன. தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், காற்று ஆட்டினாலும் கொஞ்சம் உதிரும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணாடிக் கூண்டுக்குள் தக்காளி வளர்த்த ஐரோப்பியர்களுக்குக் காற்றுக்கு எங்கே போவது? மின்சார அதிர்வுக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பூங்கொத்தாகத் தொட்டுத் தொட்டு நடந்தார்கள். 1980-களின் நடுவில் பெல்ஜியத்தில் ரோலண்ட் டி ஜோங்கே என்ற கால்நடை மருத்துவர், பஞ்சுக் குண்டாக இருக்கும் பம்பிள் தேனீயை உள்ளே விட்டுப் பார்த்தார். கருவிகள் மூலைக்குப் போயின. இப்போது பம்பிள் தேனீக் கூட்டை அட்டைப்பெட்டியில் அடைத்து விற்பதே பெரிய வியாபாரம்.

கத்தரியைவிடக் கில்லாடி ஆவாரை. அந்த இனத்துப் பூக்களில் கேசரங்களுக்குள்ளேயே வேலைப் பிரிவினை உண்டு. நடுவில் உள்ள குட்டையானவை விருந்தினருக்குத் தின்னக் கொடுப்பதற்கு. நீளமாக வளைந்தவை, அவர் தின்று மெய்மறந்திருக்கும்போது, அவருடைய கால் எட்டாத இடமாகப் பார்த்து மகரந்தத்தைப் பூசிவிடுவதற்கு. எட்டுகிற இடத்தில் பூசினால் வழித்துத் தின்றுவிடுவாரே! இன்னும் ஒன்று: ஒரு பூவில் சூல்தண்டு இடப்பக்கம் வளைந்திருந்தால் இன்னொன்றில் வலப்பக்கம். இடப்பக்கம் பூசிக்கொண்டவர் எதிர்த்திசைப் பூவுக்குப் போனால்தான் காரியம் நடக்கும். ரோட்டோரத்தில், லாரிப் புழுதியில் நிற்கிற செடி இது. சர்க்கரை நோய்க்குக் கஷாயம் போடப் பறிக்கிறோமே தவிர, ஒரு நிமிஷம் நின்று பார்த்ததுண்டா?

எருக்கும் அப்படித்தான். மொட்டை அமுக்கி ‘டப்’ என்று வெடித்து விளையாடாத பிள்ளைகள் உண்டா? அந்தப் பூவில் மகரந்தம் தூளே இல்லை. மெழுகுக் கட்டிகளாக, இரண்டிரண்டாக ஒரு கொக்கியில் கோத்துத் தொங்குகிறது. தேன் குடிக்க வந்த கருவண்டின் கால் ஒரு இடுக்கில் சிக்கும். இழுக்கும்போது கொக்கி காலைக் கவ்விக்கொள்ளும், கட்டிகள் இரண்டும் கூடவே கிளம்பும். அடுத்த பூவில் அதே மாதிரி இடுக்கு. அதில் கட்டி சரியான வாட்டத்தில் நுழைந்தால்தான் விதை. இத்தனை நுட்பமான சாவி வேலையைச் செய்கிறவர் மூங்கில் ஓட்டைக்காரர்தான். முருங்கைக்கும் பெரிய கை அவர்தான். வீட்டு உத்தரத்தில் அவர் போட்ட ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைக்கும் முன், அன்றைய குழம்பில் என்ன காய் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளலாம்.

மணி அஞ்சரை. தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிவிட்டன. பந்தலுக்குக் கீழே போய் நிற்போம். ராத்திரி ஷிப்ட் இப்போதுதான் ஆரம்பம்.

பூசணி, பரங்கி எல்லாம் விடியற்காலைப் பூக்கள். வெயில் ஏறினால் சுருண்டுவிடும். (மார்கழியில் கோலத்துச் சாணியில் செருகப் பரங்கிப் பூ பறிக்கிறவர்கள், அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லாததைப் பறித்தால் புண்ணியம். பிஞ்சு இல்லாதது ஆண் பூ. செடியில் அதுதான் நிறைய.) ஆனால் பீர்க்கு சாயங்காலம்தான் மஞ்சள் காட்டும். சுரை இருட்டும்போது வெள்ளையாக விரியும். புடலைதான் அழகி: இதழோரம் முழுக்க நூல் நூலாகப் பிரிந்து, கத்தரித்த ஜரிகையாக, முழு இருட்டில் விரிகிறது. கறுப்பும் மஞ்சளும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வெள்ளை யாருக்காக என்று புரியாது. அந்துப்பூச்சிகளுக்காக. சிலது பூவில் உட்காருவதுகூட இல்லை. காற்றில் நின்றபடியே நீண்ட குழலை நீட்டி உறிஞ்சிவிட்டுப் பறந்துவிடும்.

இங்கே எனக்கு ஒரு குறை. தேனீக்களைக் காப்பாற்ற வேண்டும், அதனால் மருந்தைச் சாயங்காலத்தில் அடியுங்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்கிறோம். பல பயிருக்கு நல்ல யோசனைதான். சுரைப் பந்தலில்? பூ விரிகிற நேரமும் வேலையாட்கள் வருகிற நேரமும் அதேதான்! போஸ்டரில் ஒரே முகம் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

பந்தலை விட்டு வெளியே வந்தால் காம்பவுண்டுச் சுவரில் ரங்கூன் மல்லிக் கொடி. ஒரே கொத்தில் வெள்ளை, ரோஜா, சிவப்பு மூன்றும் இருக்கும். மூன்று வகைப் பூ இல்லை, ஒரே பூவின் மூன்று வேஷம். முதல் நாள் மாலையில் வெள்ளையாக விரிந்து அந்துப்பூச்சிகளுக்கு வாசனை அனுப்பும். மறுநாள் வெளிச்சம் வந்ததும் ரோஜா நிறம், பிறகு சிவப்பு. பகல் ஷிப்டில் வருகிற வண்ணத்துப்பூச்சிக்கும் வண்டுக்கும் அந்தப் புடவைதான் கண்ணில் படும். உண்ணிச்செடியில் இதற்கு நேர்மாறான நாணயம். மஞ்சளாக இருக்கும்வரை தேன் உண்டு. நிறம் மாறிவிட்டால் ‘இங்கே ஒன்றுமில்லை, பக்கத்துப் பூவுக்குப் போ’ என்று அர்த்தம். வண்ணத்துப்பூச்சிகள் அந்த மொழியைச் சீக்கிரமே கற்றுக்கொள்கின்றன.

அடுத்து, உங்கள் மெத்தை. போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு மெத்தையில் புரண்டு படுக்கிறீர்களே, அதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? வவ்வாலுக்கு! இலவமரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டைக் கிளையில் பூக்கிறது. இருட்டில் பறந்து வருகிறவருக்கு இலை இடைஞ்சல் இல்லை. பூ ராத்திரியில் விரியும், தேன் தாராளம், வாசனையோ நம் மூக்குக்குச் சகிக்காது. வவ்வால் முகத்தைப் பூவுக்குள் புதைத்து நக்கிவிட்டு, முகம் முழுக்க மஞ்சள் தூளோடு அடுத்த மரத்துக்குப் போகிறது. இலுப்பை இன்னும் தாராளம்: தேனுக்குப் பதிலாக, சதைப்பற்றான இனிப்பு இதழையே தின்னக் கொடுத்துவிடுகிறது. கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் ஊற்றிய காலத்தில் அந்தச் சுடருக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கியவர்கள் இவர்கள்தான்.

கைக்குட்டை கையில் இருக்கிறதா? இப்போது எடுங்கள். துர்நாற்றப் பிரிவுக்கு வந்துவிட்டோம்.

சேனைக்கிழங்கை வெட்டாமல் மண்ணிலேயே விட்டுவிட்டால், கோடை மழை விழுந்ததும் ஒரு நாள் இலையே இல்லாமல் தரையைப் பிளந்துகொண்டு ஒரு பூ வரும். கருஞ்சிவப்பு, சுருக்கம், நடுவில் வீங்கிய மண்டை. செத்த எலி நாற்றம்! எங்கே செத்திருக்கிறது என்று வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுக் கடைசியில் தோட்டத்தில் கண்டுபிடித்த குடும்பங்கள் உண்டு. அந்த மண்டை தானாகவே சூடாகவும் செய்யும். சூடு ஏற ஏற நாற்றம் தூரம் போகும். பிணந்தின்னி வண்டுகள் ‘ஆகா, விருந்து’ என்று ஓடி வந்து உள்ளே விழுகின்றன. விருந்து ஏதுமில்லை. அடியில் பெண் பூக்கள், மேலே ஆண் பூக்கள். முதலில் பெண் பூக்கள் தயார். வண்டு எங்கிருந்தோ கொண்டுவந்த மகரந்தத்தை அங்கே விட்டுவிடும். பிறகு மேலிருந்து ஆண் பூக்களின் மகரந்தம் கொட்டும். அதைச் சுமந்துகொண்டு அடுத்த மோசடிக்குக் கிளம்பும்.

ஆடுதின்னாப்பாளை இதையே ஜெயில் வைத்து நடத்துகிறது. பூ ஒரு குழாய், உள்ளே வழுக்கல், குழாய்ச் சுவரில் உள்நோக்கிச் சாய்ந்த மயிர்கள். குட்டி ஈ சுலபமாக இறங்கிவிடும், ஏறமுடியாது. ராத்திரி முழுக்க உள்ளேயே காவல். ஈ கொண்டுவந்த மகரந்தத்தைப் பூ வாங்கிக்கொண்ட பிறகு தன் மகரந்தப்பையைத் திறந்து அதன்மேல் பூசுகிறது. அதுவரை கம்பியாக நின்ற மயிர்கள் வாடித் தளர்கின்றன. கதவு திறந்தது, போகலாம். வெளியே வந்த ஈ செய்கிற முதல் வேலை? இன்னொரு ஆடுதின்னாப்பாளைக்குள் போய் விழுவது!

மாம்பழத்துக்கும் கைக்குட்டை தேவைப்படும் என்றால் முகம் சுளிப்பீர்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில ரகங்களில் ஆயிரத்துக்கு மேல் பூக்கள். நூற்றில் ஒன்றுகூடப் பழமாகத் தேறாது. அந்தப் பூக்களில் முக்கிய வேலையாள் யார் தெரியுமா? ஈ. நாம் பேப்பரைச் சுருட்டி அடிக்கிற ஈயும், பச்சை நீலமாக மின்னும் மாமிச ஈயும்தான். ஆஸ்திரேலியாவில் மாந்தோப்புக்கு ஈக்களை இழுக்க அழுகிய மாமிசத்தைக் கட்டித் தொங்கவிடுகிற விவசாயிகளே இருக்கிறார்கள். அல்போன்சாவை நறுக்கும்போது இதை நினைக்காதீர்கள்.

சாக்லேட்டும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் கோகோ நிற்கிறதே, அதன் பூ கிளை நுனியில் வராது. தண்டில், அடிமரத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வழி அத்தனை குறுகல், தேனீ தலையை நுழைக்கவே முடியாது. கொசுவைவிடச் சின்னதாக, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டரில் ஒரு வகை ஈ இருக்கிறது. அந்த வழிக்கு ஏற்ற அளவில் அதற்கு உடம்பு வாய்த்திருக்கிறது. அது பிறந்து வளர்வது அழுகிய இலைக் குப்பையில், வீசியெறிந்த கோகோ ஓட்டுக்குள். தோப்பைப் பளிச்சென்று கூட்டிப் பெருக்கினால் பார்க்க நன்றாக இருக்கும். சாக்லேட் ஈக்கு வீடு போய்விடும்.

இப்போது நான் இத்தனை நேரம் ஆசையாக ஒளித்து வைத்திருந்த கதை. உங்கள் ரேஷன் கடைப் பாமாயில்.

பாமாயில் தருகிற செம்பனை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த மரம். மலாயாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் அதைப் பயிரிட்டது 1917-இல், சிலாங்கூரில் ஒரு எஸ்டேட்டில். எஸ்டேட்டின் பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! ரப்பருக்கு அடுத்தபடியாகக் காடு காடாகப் பரவியது. மரம் நன்றாகத்தான் வளர்ந்தது, குலைதான் சரியாகப் பிடிக்கவில்லை. ஆண் பூக்குலை ஒரு சமயம், பெண் பூக்குலை ஒரு சமயம் என்று மாறி மாறி வருகிற மரம். காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று பெரிய பெரிய புத்தகமெல்லாம் சொன்னது. காற்று வேலையை ஒழுங்காகச் செய்யாததால் அதை ஆட்கள் செய்தார்கள். எஸ்டேட்டில் ஆட்கள் என்றால் பெரும்பாலும் யார்? நம்மவர்கள்தான், அதிலும் பெண்கள். ஆண் பூவிலிருந்து மகரந்தம் சேகரித்து, டால்க் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய் பெண் குலையில் ஊத வேண்டும். முள் கிழிக்கிற மட்டைகளுக்கு நடுவே, பூ விரிகிற நாள் தவறாமல், ஆயிரக்கணக்கான ஏக்கரில். அவர்கள் அந்த நாட்டின் ஏற்றுமதிப் பொருளாதாரத்தையே ஊதி ஊதி வளர்த்தார்கள் என்றால் மிகையில்லை.

லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரி யூனிலீவருக்காக மலேசியாவிலும் வேலை பார்த்தவர், கேமரூனிலும் வேலை பார்த்தவர். கேமரூனில் யாரும் ஊதவில்லை. குலைகளோ கொழுத்துத் தொங்கின. பூக்களில் சின்னச் சின்ன வண்டுகள் மொய்த்தன. காற்றாவது கீற்றாவது என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. 1970-களின் கடைசியில் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் கேமரூன் காட்டுக்குள் உட்கார்ந்து வேவு பார்த்துக் கண்டுபிடித்தது, மூணு நாலு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கூன்வண்டு.

அது நடத்துகிற நாடகம் இருக்கிறதே! செம்பனையின் ஆண் பூ விரிந்தால் சோம்பு வாசனை அடிக்கும். வண்டுக்கு அதுதான் வீடு, சாப்பாடு, பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம்; வாடிய ஆண் பூவிலேயே முட்டையிட்டுக் குஞ்சும் வளரும். பெண் பூவில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அதுவும் விரியும்போது அதே சோம்பு வாசனையைக் கொஞ்சமாக விடுகிறது. ‘இன்னொரு வீடு’ என்று உடம்பெல்லாம் மகரந்தத்தோடு கூட்டம் கூட்டமாக ஓடி வரும் வண்டுகள், ஏமாந்து, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும். திரும்புவதற்குள் அத்தனை பெண் பூவுக்கும் மகரந்தம் சேர்ந்திருக்கும். முழு நாட்டின் எண்ணெய்த் தொழிலும் ஒரு சோம்பு வாசனைப் பித்தலாட்டத்தின்மேல் நிற்கிறது!

வேற்று நாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விடுவது விளையாட்டில்லை. மற்ற பயிர்களைத் தின்னுமா, நோய் ஒட்டியிருக்கிறதா என்று சோதித்துச் சோதித்து, 1981-இல் ஜொகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் திறந்துவிட்டார்கள். ஒன்றிரண்டு வருஷத்துக்குள் தீபகற்பம் முழுக்க அவை பரவிவிட்டன. குலைகள் பெருத்தன. கையால் ஊதுகிற வேலை அத்தோடு நின்றுபோனது. கூன்வண்டுக்குச் சம்பளம் கிடையாது, சட்டி நிறைய அப்பளம் பொரிகிறது. அந்த வேலையை நம்பியிருந்த பெண்களின் கூலிக்கு என்ன ஆனது என்ற கேள்வியை வெற்றிக்கதை எழுதுகிறவர்கள் அதிகம் கேட்பதில்லை.

பித்தலாட்டமே இல்லாத, உயிரைக் கொடுத்து வேலை செய்கிற ஒரு பின்கட்டும் உண்டு. அத்தி.

அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கும் நாட்டு அத்தியைப் பிட்டுப் பாருங்கள். நாம் காய் என்று நினைப்பது பூக்கள் உள்பக்கமாகத் திரும்பி நிற்கிற ஒரு மூடிய உருண்டை. அத்தி பூத்ததை யாரும் பார்த்ததில்லை என்பார்கள். பூத்துக்கொண்டேதான் இருக்கிறது, உள்ளே. நுழைய ஒரே வழி, முனையில் செதில்களால் அடைத்த ஒரு துளை. ரெண்டு மில்லிமீட்டர் பெண் குளவி ஒன்று அதற்குள் முட்டிமோதிப் புகுகிறது. வழி அத்தனை இறுக்கம், இறக்கைகள் ஒடிந்து வாசலிலேயே விழுந்துவிடும். இனி வெளியே பறப்பது என்ற பேச்சே இல்லை, தெரிந்தேதான் வந்திருக்கிறாள். மார்புப் பைகளில் கொண்டுவந்த மகரந்தத்தை எடுத்துப் பூக்களில் வைக்கிறாள், சில பூக்களில் முட்டையிடுகிறாள், அங்கேயே சாகிறாள்.

சில வாரம் கழித்து முதலில் பிறக்கிறவர்கள் ஆண்கள். இறக்கை இல்லை. இன்னும் கூட்டுக்குள்ளேயே இருக்கிற பெண்களைத் தேடிப்போய்க் கூடுகிறார்கள், பிறகு சேர்ந்து சுவரைக் கடித்து வெளியே ஒரு சுரங்கம் போடுகிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் ஆயுள். பெண்கள் எழுந்து, அதற்குள் முற்றியிருக்கும் ஆண் பூக்களிலிருந்து மகரந்தத்தை அள்ளிப் பையில் அடைத்துக்கொண்டு, ஆண்கள் வெட்டிய வழியில் வெளியேறுகிறார்கள். கையில் இருப்பது ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள். பிறந்த மரத்தில் எல்லா அத்தியும் ஒரே பருவத்தில் இருப்பதால் அங்கே வேலையில்லை. காற்றில் மிதந்து, வாசனை பிடித்து, சரியான பருவத்தில் இன்னொரு மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆலுக்கு வேறு குளவி, அரசுக்கு வேறு குளவி. வீடு மாறி ஏறுவது அபூர்வம்.

இது தெரியாமல் கலிஃபோர்னியாக்காரர்கள் பட்ட பாடு! துருக்கியின் ஸ்மிர்னா அத்தியை 1880-களில் கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது, காயெல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்தது. துருக்கி விவசாயிகள் காட்டு அத்தியைச் சரடில் கோத்து மரத்தில் தொங்கவிடுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது மூடநம்பிக்கை என்று சிரித்தவர்களும் உண்டு. அந்தச் சரடில்தானே குளவி இருந்தது! ஒருவழியாக 1899-இல் குளவியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து ஃபிரஸ்னோவில் குடியேற்றிய பிறகுதான் பழம் நின்றது. சீமை அத்தி ரகங்களில் பெரும்பாலானவை குளவி இல்லாமலே காய்ப்பவை, பயமில்லாமல் சாப்பிடலாம்.

பின்கட்டு வேலையாட்களில் மனிதரும் உண்டு என்று செம்பனைக்கு மகரந்தம் ஊதிய பெண்களைப் பார்த்தோமே, அவர்கள் தனியாள் இல்லை. 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், வனிலாப் பூவுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே திரையாகத் தொங்கும் சவ்வை ஒரு குச்சியால் தூக்கி, விரலால் அழுத்திவிடும் வித்தையைக் கண்டுபிடித்தான். மெக்சிகோவுக்கு வெளியே வனிலா காய்ப்பது பெரும்பாலும் இன்றுவரை அந்தச் சிறுவனின் விரலசைவில்தான். அவனோ வறுமையில் செத்தான். 1970-இல் சூரத்தில் சி.டி. படேல் வெளியிட்ட எச்-4 வீரியப் பருத்தி வந்த பிறகு, விதைப் பருத்திக் காட்டில் பெண்கள் மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தக் கேசரங்களை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வேறு ரகத்தின் ஆண் பூவைக் கொண்டுவந்து தேய்க்கிறார்கள். ஒவ்வொரு பூவுக்கும். வீரிய நெல் விதை வயலில் கொஞ்சம் சுலபம்: முற்பகலில் நெற்பூ விரிகிற நேரம் பார்த்து ரெண்டு பேர் நீளக் கயிற்றின் இரண்டு முனையைப் பிடித்து, கதிர்மேல் உரசியபடி வயலைக் கடக்கிறார்கள். மகரந்தம் புகையாக எழும். சாதாரண நெல்லுக்கு அதுவும் வேண்டாம், தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும். சோறு விஷயத்தில் தேனீக்கு எந்தப் பங்கும் இல்லை.

கடைசியாக ஒருவர். பட்டுப்புழு தின்னும் மல்பெரி. இலைக்காகத் திரும்பத் திரும்பக் கவாத்து செய்வதால் இதன் பூவை நாம் பார்ப்பதே அரிது. தேனீ, ஈ, வண்டு, வவ்வால், கயிறு எதையும் கூப்பிடாத பேர்வழி. ஆண் பூவில் ஒவ்வொரு கேசரமும் மடங்கி, வில்லாக முறுக்கி நிற்கும். காற்று காய்ந்ததும் பட்டென்று விடுபட்டு மகரந்தத்தை வீசியடிக்கும். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 2006-இல் அதிவேகக் கேமரா வைத்து அளந்தார்கள். எல்லாம் முடிய ஆன நேரம் ஒரு வினாடியின் 40 ஆயிரத்தில் ஒரு பங்கு. வேகம் ஒலியின் வேகத்தில் பாதிக்கும் மேல். நாம் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் அந்தச் சமாச்சாரம் நாலாயிரம் தடவை நடந்து முடியலாம். ஆகவே கொல்லைப்புறமாக வந்தும் பிரயோஜனமில்லை. இவர் காட்சியை மட்டும் கேமராக்காரர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்ளலாம், மல்பெரிக்கு நாற்றம் கிடையாது.